அம்மாவுக்குக் கட்டிக் கொடுத்த செட்

செஞ்சி கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். பன்னிரண்டாவது படித்தவள் நான். மருந்தாளுநர் படிப்பு படித்த ஒருவருடைய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அந்த ஆளை நான் பார்த்தது இரண்டே முறைதான். மற்றபடி கடையை ஓட்டியது முதலாளியும் நானும்.

எங்கள் கடையில் எது அதிகம் விற்றது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 'செட்' என்பேன். வருகிறவர்கள் மாத்திரைப் பெயர் சொல்ல மாட்டார்கள். "காய்ச்சலும் உடம்பு வலியுமா இருக்குது, ஒரு செட் குடு" என்பார்கள். நடவு நட்டவர்கள், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கியவர்கள், கோட்டை மலையேறி முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த வெளியூர்க்காரர்கள், எல்லாருக்கும் ஒரே மருந்து. அட்டைகளைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, வேளைக்கு இத்தனை என்று கணக்குப் பண்ணி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பேன். பெயரும் அளவும் அச்சடித்திருக்கும் ஓரம் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். யாரும் அதைக் கேட்டதில்லை. அவர்களுக்கு மாத்திரை என்றால் நிறம்தான். வெள்ளை காய்ச்சலுக்கு, மஞ்சள் வலிக்கு, ரோஸ் சளிக்கு. எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

எனக்கென்று ஒரு அறிவுரை வைத்திருந்தேன். உறையை நீட்டும்போது எல்லாரிடமும் சொல்வேன்: "ஒரே மாத்திரைய ஒரே வேளைக்கு ரெண்டு போட்டுக்காதீங்க." டாக்டர் மாதிரிச் சொல்வதில் ஒரு மிதப்பு இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்கும் பருவத்துக்குச் சற்று முன்னால் மருந்து ஆய்வாளர் கடைக்கு வந்து போனார். அவர் போனதும் முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. செட் கட்டிக் கொடுக்கிறோம் என்று யார் வாயிலிருந்து வந்தாலும் கடையை மூட வேண்டியதுதான், முதலில் வேலை போவது உனக்குத்தான் என்றார். ஆனால் செட் விற்பதை ஒருநாள்கூட நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனபோது இதை அம்மாவிடம் அவர் மாதிரியே நடித்துக் காட்டிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. வேலை போய்விடுமா என்று மட்டும் கேட்டாள்.

அம்மா அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் தனியாக இருந்தாள். நைனா இறந்து பல வருஷம். என்னைக் கட்டிக்கொடுத்த இடம் செஞ்சி. அம்மா கூலி வேலைக்குப் போவாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து காடு காடாகப் போய் மல்லாட்டை பிடுங்குவார்கள். ஒருத்தி இரண்டு நாள் நின்றுவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொருத்தி வந்துவிடுவாள். பருவம் முடிகிற வரைக்கும் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவுக்கு என்னால் ஒரு மரியாதை உண்டு. எம்பொண்ணு மருந்துக் கடையில இருக்குறா என்று வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவாளாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள். மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும், "காய்ச்சலா இருக்குது, இடுப்பெல்லாம் வுட்டுப் போவுது" என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஊரெல்லாம் அந்தக் காய்ச்சல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கத்தரியை எடுத்தேன். மற்றவர்களுக்கு இரண்டு நாளைக்குத்தான் கட்டுவேன். பெற்றவள் ஆயிற்றே என்று ஒரு வாரத்துக்குக் கட்டினேன். காய்ச்சலுக்கும் வலிக்கும் சேர்த்து மஞ்சள் மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க இன்னொன்று. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. ஒரு வரி கேள்வி. கடையில் கூட்டம் இருந்தது என்று இன்றைக்குச் சொல்லலாம். கூட்டம் இல்லாத நாளிலும் நான் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

முந்தின நாள் சாயங்காலமே அவள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளை மாத்திரை வாங்கி வந்திருந்தாள். அம்மாவின் பக்கத்து வீட்டு அக்கா பின்னால் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. மகள் கடையில் இருக்கும்போது அங்கே எதற்குப் போனாய் என்று நான் கோபித்துக்கொள்வேன் என நினைத்து அதைச் சொல்லவில்லை. திரும்பிப் போகும் வழியில் மூக்கு ஒழுகியதற்குப் பெட்டிக்கடையில் ரோஸ் மாத்திரை வாங்கிக்கொண்டாள். ஆக மூன்று நிறம். என் அறிவுரையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். ஒரு வேளைக்கு வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று. எதிலும் இரண்டு போடவில்லை. காட்டில் நிற்கத் தெம்பு வேண்டும் என்பதற்காக மூன்று வேளையை மட்டும் நான்காக்கிக்கொண்டாள். சாப்பாடு இறங்கவில்லை, நீராகாரம் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுநாளிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் மல்லாட்டை பிடுங்கியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினாள். அம்மா விடாமல் வாந்தி எடுக்கிறாள், என்ன கிழமை என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். ஆட்டோவில் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். அங்கே கண்ணை இழுத்துப் பார்த்த உடனே ஆம்புலன்சில் ஏற்றி விழுப்புரம் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கண் மல்லாட்டை எண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தது.

அங்கே சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தர் பார்த்தார். ஈரல் மோசமாகக் கெட்டிருக்கிறது என்றார். அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, இந்த ஒரு வாரத்தில் என்ன மாத்திரை போட்டீங்க என்று நிதானமாகக் கேட்டார். அம்மாவுக்கு அந்த நேரம் கொஞ்சம் தெளிவு இருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"மாத்திரையே போடலம்மா. நெலவேம்பு கசாயந்தான் வச்சிக் குடிச்சேன்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, அப்படியா என்றார். தலையாட்டினேன். அம்மா பொய் சொல்வது எனக்காக என்று அந்த நொடியிலேயே புரிந்தது. புரிந்தும் தலையாட்டினேன். ஆய்வாளர், முதலாளி, வேலை, எல்லாம் ஒன்றாக மண்டைக்குள் ஓடியது. நாம் கொடுத்தது சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதானே, அதனாலா ஈரல் கெடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு வருஷம் அந்த மாத்திரையைக் கடலைமிட்டாய் மாதிரி விற்றவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அன்று முழுக்க அவர்கள் கசாயத்தின் பின்னால் அலைந்தார்கள். என்ன இலை, எந்தக் கடைப் பொடி, கூட என்ன சேர்த்தீர்கள் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். ஒரு டாக்டர் நாட்டு மருந்து குடிக்கிற எல்லாரையும் சேர்த்துத் திட்டினார். ஒரு பாவமும் அறியாத நிலவேம்பு திட்டு வாங்கியது. நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

திங்கள் காலை அம்மா என் பெயரைக் குழறினாள். டாக்டரம்மா என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். ரத்தப் பரிசோதனை கசாயத்தோடு ஒத்துப்போகவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கடைசி மாத்திரை எப்போது போட்டார் என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டு, சனிக்கிழமை சாயங்காலம் என்றேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நர்சிடம் ஏதோ சொல்லி ஓடவைத்தார்.

ஈரலைக் காப்பாற்றும் மருந்து நரம்பு வழியாக ஏற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் இருந்த மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மதியத்துக்குள் கொண்டுவந்தாள். டாக்டரம்மா அவற்றை மேசைமேல் பரப்பினார். அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். வெள்ளை அட்டை: பாராசிட்டமால். ரோஸ் அட்டை: சளிக்கான இரண்டு சரக்குகள், கூடவே பாராசிட்டமால். மஞ்சள் மாத்திரைத் துண்டில் எழுத்தே இல்லை. அது நான் வெட்டியது. நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினேன். வலி மருந்தின் பெயரைச் சொல்லி, அதோடு சேர்ந்த இன்னொன்றைச் சொல்வதற்குப் பதில் வெள்ளை அட்டையின் பொடி எழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"மூணுலயும் அதேதான் இருக்கு. நிறம் கம்பெனிக்காரன் போடுறது," என்றார் டாக்டரம்மா. "ஒரு நாளைக்கு நாலு கிராமைத் தாண்டவே கூடாது. மெலிஞ்சவங்க, சாப்பிடாம இருக்கிறவங்களுக்கு அதுவே அதிகம். உங்கம்மா ஆறு கிராமுக்கு மேல போட்டிருக்காங்க, அஞ்சு நாளா."

நேற்றே சொல்லியிருந்தால் என்று கேட்டேன். நேற்று ஆரம்பித்திருந்தால் வாய்ப்பு இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். என்னைத் தேற்றுவதற்காக அவர் பொய் சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

சாவுக்கு வந்தவர்கள் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு எரிச்சல் பொங்கியது. அளவு என்ன என்று அம்மாவுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவள் நான்; எனக்கே தெரியவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் முதலாளியிடம் போய் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு வேலையை விட்டேன். அவர் முதலில் கேட்டது, ஆஸ்பத்திரியில் கடைப் பெயரைச் சொன்னாயா என்றுதான். இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன். துண்டு வெட்டிய அட்டையைக் கண்டால் வாய் வலிக்க வாதாடுகிறேன். கிறுக்கு என்கிறார்கள், என்னவோ சொல்லிக்கொள்ளட்டும்.

அம்மா என்னிடம் கடைசியாகப் பேசியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. திங்கள் சாயங்காலம், மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, கண் திறந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. கிட்டே வா என்பதுபோல் விரலை அசைத்தாள். குனிந்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லலியே?" என்றாள்.

"சொல்லலம்மா" என்றேன்.

"வேல போயிடுமோன்னு பயந்துட்டேன்" என்றாள். முகம் அப்படியே இளகியது. அந்த வாரம் முழுக்க அவளிடம் நான் பார்க்காத நிம்மதி அது. என் கையைப் பிடித்தபடியே தூங்கினாள். பிறகு யார் கூப்பிட்டும் எழவில்லை. புதன்கிழமை மதியம் போய்விட்டாள்.