மோட்டாருக்குப் பூசிய சந்தனம்

பிள்ளையார்பாளையத்தில் கங்கையம்மாள் வீட்டு முன்னறையில் ஒரு மாவு மெஷின் இருந்தது. அவள் புருஷன் முனிசாமி பழசாக வாங்கிப் போட்டது. தறிச்சத்தம் ஓயாத அந்தத் தெருவிலேயே அதன் சத்தம்தான் பெரிது. சித்திரையில் முனிசாமி போய்விட்டார். அன்று முதல் கங்கையம்மாளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் தெரியவில்லை. அரிசியைக் கொட்டினாள், மாவை வாரினாள், அவ்வளவுதான். ஊர் சும்மா இருக்குமா? கல்நெஞ்சக்காரி என்றது. அதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ஐப்பசியில் மோட்டார் சூடாக ஆரம்பித்தது. ஒரு கூடை அரைப்பதற்குள் தொட்ட கை பொசுங்கும். தாமலில் கட்டிக்கொடுத்த மகள் கலாவதி கேழ்வரகு மூட்டையோடு வந்து நின்றாள்.

"வித்துட்டு எங்கூட வந்துடும்மா. செத்த மோட்டார வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?"

மருமகன் வீட்டு மூலையில் ஒரு பாய். கங்கையம்மாளுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் அதைச் சொல்லக்கூட நாக்கு எழவில்லை.

"தணிகாசலம் அண்ணன் பாக்கட்டும். மோட்டாருக்குள்ள காயில் கம்பி எரிஞ்சி போயிருந்தா வர்றேன்" என்றாள்.

தணிகாசலம் மோட்டார் மெக்கானிக், முனிசாமியின் பால்ய சிநேகிதர். வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, மோட்டாரா, அபிஷேகம் ஆன சாமியா?" என்றார்.

காற்றுப் போகிற ஓட்டைகள் ஒன்று விடாமல் அடைத்துக் கிடந்தன. சந்தனமும் மாவும் சேர்ந்து, தறியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி போலக் காய்ந்து இறுகியிருந்தது.

ஆயுத பூஜைக்குப் பூசியது. துக்க வருஷத்தில் பண்டிகை கூடாது என்று அன்றைக்குக் கலாவதி தடுத்துத்தான் பார்த்தாள். "வீட்டுக்குத்தான் பண்டிகை இல்ல. மெஷின் இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று கங்கையம்மாள் வழக்கம்போல வழித்து வழித்துப் பூசினாள். குங்குமம் மட்டும் எதிர்வீட்டுக் காந்தா வைத்தாள்.

"வருஷா வருஷம் பூசறதுதானே அண்ணா? ஒரு வருஷமும் சூடாவலியே" என்றாள் கங்கையம்மாள் இப்போது.

தணிகாசலம் கொஞ்சம் தயங்கினார். பிறகு எட்டி, கூரைக் கைமரத்தில் செருகியிருந்த ஈர்க்குச்சிகளை எடுத்தார். நுனியெல்லாம் பழைய சந்தனம். விளக்குமாற்று மிச்சம் என்று அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது.

"பூஜைக்கு மறுநாள் நீ தண்ணிக்குப் போனதும் முனிசாமி இதால நோண்டிக்கினு இருப்பான். 'அவளாண்ட சொல்லிடாதடா, ஆசையா பூசறா, மனசு நொந்துக்குவா'ம்பான்."

அதே குச்சியால் அவரும் நோண்டினார். அடைப்பெல்லாம் போனதும் ஸ்விட்சைப் போட்டார். கேழ்வரகு பாதிக்கு மேல் அரைபட்ட பிறகு கங்கையம்மாள் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்புதான். காயில் எரியவில்லை. அவள் தாமலுக்குப் போகவேண்டியதில்லை.

சித்திரையிலிருந்து மரத்துக் கிடந்த மனசில் முதலில் வந்தது கோபம்.

"வாயத் தொறந்து சொன்னா இன்னாவாம்? நான் இன்னா கடிச்சா தின்னுடுவேன்?" என்று மோட்டாரைப் பார்த்துக் கத்தினாள். கலாவதி பதறிப்போய் மெஷினை நிறுத்த ஓடினாள்.

"நிறுத்தாதடி, ஓடட்டும்" என்றாள் கங்கையம்மாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள்.