தங்கச்சிக்குத் திறக்காத ஃபோல்டர்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கணினியோ போனோ மக்கர் செய்தால் என் கதவைத்தான் தட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்கப்போவதில்லை. போன மாதம் மின்னலில் ரவுட்டர் கருகியதும் ஹட்டன் டவுனுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்து அரை மணி நேரத்தில் பொருத்திவிட்டேன்.

லயத்தில் எல்லோரும் என் வைஃபையைத்தான் பாவிக்கிறார்கள். பழைய ரவுட்டர் இருந்தபோது ஒருநாள் கடைசி வீட்டு டீவியில் எங்கள் குடும்பப் படங்கள் வரிசையாக ஓடின. ஆகவே புதியதில் இரண்டு வைஃபை வைத்தேன். ஒன்றின் பெயர் 'வீடு', அது எங்களுக்கு. மற்றது 'லயம்'. அதில் இன்டர்நெட் வரும், ஆனால் என் கணினிக்குள் எட்டிப்பார்க்க முடியாது. அன்றே ஒவ்வொரு வாசலாகப் போய் 'லயம்' பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் இரண்டு கோப்பை தேநீர் குடித்தேன்.

மறுநாள் மூன்று மணிக்குத் தங்கச்சி லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் என் கணினியில் இருக்கின்றன. தன் வீட்டில் இருந்தபடியே வைஃபை வழியாக அந்த ஃபோல்டரைத் திறந்து எடுத்துக்கொள்வாள்.

"அண்ணே, ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குது. டீச்சர் வேலைக்கு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அப்ளிகேஷன் அனுப்பணும். இந்தத் தடவ விட்டா எனக்கு வயசு தாண்டிரும்."

"இதெல்லாம் ஒரு வேலையா? இரு."

புது ரவுட்டர் என் கணினிக்கு வேறு முகவரி கொடுத்திருந்தது, அவள் லெப்டொப் பழையதைத் தேடிக்கொண்டிருந்தது. அதை மாற்றினேன். கணினியில் பகிர்வு அணைந்து கிடந்தது, அதையும் போட்டேன். என் மனைவியின் போனில் ஃபோல்டர் ஜம்மென்று திறந்தது. தங்கச்சியின் லெப்டொப்பில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

"பென் டிரைவ்ல போட்டுக் குடுங்களேண்ணே."

என் கௌரவம் விடவில்லை. "ஒன் லெப்டொப்தான் சரியில்ல" என்றேன். மணி நாலரை ஆகிவிட்டது. அசராமல் ரவுட்டரை அணைத்துப் போட்டேன்.

அவள் என் மனைவியின் போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் திரையைப் பார்த்தாள்.

"அண்ணி போன்ல 'வீடு'ன்னு இருக்கு. என்னோடதுல 'லயம்'னு இருக்கே?"

எனக்குச் சுருக்கென்றது. நேற்று அவள் வாசலிலும் நின்று அந்தத் துண்டைத்தான் நீட்டியிருந்தேன். அவள் எங்கள் வீடா, லயமா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. லெப்டொப்பை வாங்கி 'வீடு' பாஸ்வேர்டை நானே அடித்தேன். ஃபோல்டர் உடனே திறந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"மறந்துட்டேம்மா, வேணும்னு செய்யல" என்றேன்.

அவள் லெப்டொப்பை மூடினாள். "தெரியும்ண்ணே. வேணும்னு செஞ்சிருந்தா சண்ட போட்டுருப்பேன். மறந்ததுக்கு எப்பிடிச் சண்ட போடுறது?"