பச்சை ஜெல்லி ஆடாத கார்

மேற்கு மிச்சிகனில் வெஸ்டர்வால்ட் என்கிற சிற்றூரில், வெர்லின் ஹூக்ஸ்ட்ரா உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்தார். ஊரில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். ஈ காக்கை இல்லாத சோளக்காட்டுச் சாலையிலும் திரும்புவதற்கு முன் விளக்குப் போடுவார். வாழ்நாளில் ஒரு முறைகூட அபராதம் கட்டியதில்லை. அப்படிப்பட்டவர் தொண்ணூற்று இரண்டாம் ஆண்டின் பனிக்காலம் முழுக்க கராஜில் மல்லாந்து கிடந்து, தன் மஸ்டாங் காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டினார்.

மந்திரம் ஒன்றும் இல்லை. எஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றும் ஒரு காற்றாடி அது. எஞ்சின் தானாக இழுக்கிற மூச்சுக்கு மேல் காற்றை அதன் தொண்டைக்குள் திணிக்கும். எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற எஞ்சினுக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு முறுக்கினால் போதும், சாதுவான கார் புலியாகிவிடும்.

வெர்லினுக்குப் புலி வேண்டாம். அதாவது, புலி வேண்டும், ஆனால் அது பூனையாகவே நடந்துகொள்ள வேண்டும். அந்த வட்டாரத்துக் கார்ப் பித்தர்கள் எல்லாருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ஹாம்பர்கர் கடை வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பிறகு மார்பை நிமிர்த்திக்கொண்டு, “ரோட்ல எடுத்தா சும்மா சாதா கார்தான்யா. மாட்டினதே தெரியாது” என்பார்கள். பல மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய பொருள் இருப்பதே தெரியவில்லை என்பதுதான் அங்கே ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய புகழ்.

வெர்லினின் மனைவி லவோனுக்கு இந்தக் கொள்கையில் நம்பிக்கை இல்லை. லவோன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பிரேக் போட்டால் பின்சீட்டில் தூங்குகிற குழந்தை விழிக்காது; அப்படி ஒரு கால்.

“இந்தக் கார் எனக்குத் தோதா இருக்கு வெர்லின். நீ அதைக் கெடுத்து வைக்கிறியா இல்லையான்னு நானே ஓட்டிப் பாத்துச் சொல்றேன். மே மாசம் சர்ச் விருந்துக்கு நான்தான் ஓட்டுவேன். சர்ச் வாசல்ல போய் நிக்கிறதுக்குள்ள துளி வித்தியாசம் தெரிஞ்சாலும் நீ மாட்டப்போறதைக் கழட்டி டெல்மர்கிட்ட குடுத்துடணும்.”

டெல்மர் லவோனின் தம்பி. அவனிடம் ஒரு துருப்பிடித்த பிக்கப் வண்டி இருந்தது. கராஜுக்கு வரும்போதெல்லாம் சூப்பர்சார்ஜரை, வேறொருவர் தட்டில் இருக்கும் கோழிக்காலைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

“குடுக்கலாம்” என்றார் வெர்லின். “ஆனா ஒண்ணும் தெரியாது, பாரு.”

பேச்சைக் காப்பாற்ற வேண்டுமே. அவர் கண்டுபிடித்த வழியை உலகத்தில் எந்த மெக்கானிக்கும் முயன்றிருக்க மாட்டான். விருந்துக்கு லவோன் எப்போதும் துருவிய கேரட் போட்ட பச்சை ஜெல்லி செய்து எடுத்துப் போவார். கராஜில் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வெர்லின் கடையில் ஜெல்லிப் பொட்டலம் வாங்கி, அதேபோல் ஒரு கண்ணாடித் தட்டில் உறையவைத்து, பக்கத்து இருக்கையில் வைத்து ஊரைச் சுற்றி, எந்தத் திருப்பத்தில் எவ்வளவு ஆடுகிறது என்று கவனித்து மனத்தில் பதித்துக்கொண்டார். சூப்பர்சார்ஜர் ஏறிய பிறகும் அதே ஊர்வலம். ஜெல்லி கொஞ்சம் கூடுதலாகச் சிலிர்த்தாலும் வீட்டுக்குத் திரும்பி, பெல்ட்டைத் தளர்த்தி, வால்வைத் திருகி, மறுபடி கிளம்புவார். சோதனை முடிந்த ஜெல்லியை வீணாக்க மனம் வராமல் தின்றுவிடுவார். வசந்தம் பிறந்தபோது காரின் நடத்தை சீராகியிருந்தது. வெர்லினின் கால்சட்டை இடுப்பில் ஏற மறுத்தது. கணவருக்கு ஜெல்லிமேல் திடீரென்று இவ்வளவு ஆசை வந்ததேன் என்று லவோன் குழம்பினார்.

விருந்து நாள் வந்தது. லவோன் ஓட்டுநர் இருக்கையில். பக்கத்தில் டை கட்டிய வெர்லின், மடியில் ஜெல்லித் தட்டு. பின்சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்க, சாட்சியாக டெல்மர். அவன் கோட்டுப் பையில் ஸ்பேனர் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

சாவியைத் திருப்பியதும் முன்பக்கத்திலிருந்து, தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். அந்தச் சூப்பர்சார்ஜரின் பிறவிக்குணம் அது. வெர்லின் அவசரமாக ரேடியோவில் ஜெபக்கூட்டத்தைப் போட்டார். லவோன் அதை அணைத்தார்.

“சத்தம் கேக்குதா லவோன்?” என்றான் டெல்மர் ஆவலாக.

“கார்னா சத்தம் வரத்தான் செய்யும். உன் வண்டியைவிடத் தேவல.”

கார் கிளம்பியது. தபால் நிலையம், தானியக் கிடங்கு, ரயில் தண்டவாளம். ஜெல்லி ஆடவில்லை. தண்டவாளத்தில் மட்டும் ஒரு சின்னச் சிலிர்ப்பு. அது முன்பும் இருந்ததுதான்.

“என்ன, ஏதாவது தெரியுதா?”

“ஒண்ணும் தெரியல டெல்மர். அப்படியேதான் இருக்கு.”

டெல்மர் ஸ்பேனரைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினான். வெர்லின் ஜெயித்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஜெயித்த மறுகணமே அவருக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியது.

“ஒண்ணுமேவா தெரியல?” என்றார்.

“ஒண்ணுமே தெரியல. சந்தோஷப்படேன்.”

“சந்தோஷந்தான். இல்ல, சிக்னல்ல எடுத்தப்ப ஒரு... கொஞ்சம் லேசா இழுத்த மாதிரி?”

“இல்லையே.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. குளிர்காலம் முச்சூடும் முதுகு ஒடிய வேலை பாத்திருக்கேன்.”

பின்னால் டெல்மர் சிரித்தான். “என்ன வெர்லின், தெரியணுங்கிறியா, தெரியக்கூடாதுங்கிறியா?”

“நீ சும்மா இரு. உனக்குக் காரைப் பத்தி என்னடா தெரியும்? இதைப் பாரு.” வெர்லின் உடம்பை முறுக்கிப் பின்னால் திரும்பி, ஜெல்லித் தட்டை டெல்மரின் மூக்குக்கு நேராக நீட்டினார். “ஆடுதா? எங்கயாவது ஆடுதா? இதுக்குப் பேருதான் வேலை!”

கார் அப்போது நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவுப் பாதையில் இருந்தது. லவோன் பேருந்துக் காலால் முப்பது மைலில் போய்க்கொண்டிருந்தார். பின்கண்ணாடி வழியே வெர்லினின் கண்ணில் ஒரு டேங்கர் லாரி பட்டது. பால் ஏற்றிய லாரி, நெடுஞ்சாலையில் அறுபதில் வந்துகொண்டிருந்தது. உடனே அவருக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். சரிவுப் பாதையில் தயங்குகிறவன் கொலைகாரன் என்று பிள்ளைகளிடம் கத்தியே தொண்டை கட்டிப்போனவர் அவர். சாலையில் ஓடுகிற வண்டிகளின் வேகத்தை எட்டிப் பிடித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும், அதுதான் மரியாதை.

“மிதி!” என்று அலறினார். “லவோன், மிதி!”

லவோன் மிதித்தார்.

எஞ்சின் ஊளையிட்டது. பின்சக்கரங்கள் ஒரு முறை வழுக்கிப் பிடித்தன. பால் லாரி கண்ணாடியில் பொம்மையாகச் சுருங்கியது. பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு; வெர்லினின் வலது கால் இங்கே இல்லாத அந்தப் பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டே இருந்தது. ஜெல்லி தட்டைவிட்டு முழுத் துண்டாகக் கிளம்பி, டெல்மரின் மார்பில் போய் உட்கார்ந்தது.

சர்ச் வாசல் வந்தது. லவோன் விளக்குப் போட்டு, அலுங்காமல் திரும்பி, பார்க்கிங் கோடுகளுக்குள் ஒழுங்காகக் காரை நிறுத்தினார். அவர் கன்னங்கள் சிவந்திருந்தன.

டெல்மர் கேரட் துருவல் உதிர இறங்கினான். “அவ்வளவுதான்! இந்தா ஸ்பேனர்! தெரிஞ்சுதுல்ல லவோன்?”

“என்ன தெரிஞ்சுது?”

“என்னைப் பாரு! என் சட்டையைப் பாரு!”

“தட்டை நீட்டினா கையில வாங்கணும் டெல்மர். சின்ன வயசுலேருந்தே உனக்கு எதையும் பிடிக்கத் தெரியாது.” லவோன் கைக்குட்டையை நீட்டினார். “கார் எப்பவும் ஓடுற மாதிரிதான் ஓடுச்சு.”

“எப்பவும் ஓடுற மாதிரியா! வெர்லின், நீ சொல்லு. நீ பொய் சொல்ல மாட்டே. அதுவும் சர்ச் வாசல்ல.”

அதற்குள் போதகர் டைகெமா கை குலுக்க வந்து நின்றார். லவோன் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, கொஞ்சம் மிரட்டலும் இருந்தது. வித்தியாசம் இருந்தது என்றால் சூப்பர்சார்ஜர் போகும். இல்லை என்றால், சற்று முன்பு பால் லாரியைப் பொம்மையாக்கிய அந்தப் பேரழகான பாய்ச்சல் நடக்கவே இல்லை என்று ஆகும். லவோனும் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லப்போவதில்லை. வெர்லின் போதகர் நீட்டிய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சும்மா சாதா கார் மாதிரிதான் ஓடுச்சு” என்றார். ஆயிரம் தடவை பெருமையாகச் சொன்ன வாக்கியம், அன்றைக்கு முதல் முறையாகப் பொய்யாக வெளியே வந்தது.

“நல்ல கார்” என்றார் போதகர், டெல்மரின் சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விருந்து முடிந்ததும் வெர்லின் சாவிக்காகக் கை நீட்டினார். லவோன் கவனிக்காததுபோல் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். டெல்மர் வேறு யாரோடோ போய்விட்டான். வந்த வழியே திரும்பினால் வீடு கிட்டம். லவோன் நெடுஞ்சாலையில் வீட்டுக்கு எதிர்த்திசைப் பக்கம் விளக்குப் போட்டார்.

“இந்தப் பக்கம் எதுக்கு?” என்றார் வெர்லின்.

“சும்மாதான். தட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ.”