கையெழுத்துப் போடாத இன்பராணி

மூவார் ஊருக்கு வெளியே இருந்த அந்த மேசை நாற்காலித் தொழிற்சாலையில் இன்பராணி பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்து வந்தாள். காஹாங் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்து, பள்ளிப் பேருந்து ஓட்டும் மரியநாதனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். சாயம் பூசி முடித்த மேசைகளைப் பெட்டியில் அடைக்கும் முன் சோதிப்பது அவள் வேலை. உள்ளங்கையைப் பலகையின்மேல் ஒரு தடவை ஓட்டினால் போதும், எங்கே பிசிறு, எங்கே மேடு என்று சொல்லிவிடுவாள். அவள் ஒரு மேசையைத் தள்ளி வைத்துவிட்டால் முதலாளியே வந்து கேட்டாலும் அது கப்பலேறாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

2019-ஆம் வருஷம் ஜூலை மாதம், பகல் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் இருக்கையில், மரம் அறுக்கும் எந்திரத்தில் லெட்சுமணனின் வலது கையில் நான்கு விரல்கள் போயின.

லெட்சுமணன் அங்கே இருபத்திரண்டு வருஷம் அறுத்தவர். கவனக்குறைவான ஆள் என்று அவரை யாரும் சொன்னதில்லை. அந்த எந்திரத்தின் வாளுக்குமேல் ஓர் இரும்பு மூடி இருக்கும். கை வழுக்கினாலும் வாளில் படாதபடி அது தடுக்கும். விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு அந்த மூடியைக் கழற்றியிருந்தார்கள். அவசரமாக ஒரு கண்டெய்னர் ஏற்ற வேண்டியிருந்தது, மூடி இருந்தால் கனத்த பலகைகள் மெதுவாகத்தான் போகும் என்று மேனேஜர் அட்ரியன்தான் கழற்றச் சொன்னான். பழுது பார்க்கும் திருச்செல்வம் ஸ்பேனரோடு வந்து கழற்றினான். இன்பராணியின் சோதனை மேசையிலிருந்து அந்த எந்திரம் இருபதடி தூரம்கூட இல்லை. எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"மூடி இல்லாம எப்படி சார் அறுக்கிறது?" என்று லெட்சுமணன் கேட்டதும், "ஒரு வாரம்தான் லா, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று அட்ரியன் சொன்னதும் அவள் காதில் விழுந்தன.

விபத்து நடந்த நான்காம் நாள் அட்ரியன் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டான். மேசைமேல் மலாயில் அச்சடித்த ஒரு தாள் இருந்தது. பல முறை எச்சரித்தும் கேளாமல் லெட்சுமணன் தானாகவே மூடியைக் கழற்றினார் என்று அதில் எழுதியிருந்தது.

"இங்க ஒரு சைன் போடுங்க அக்கா. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

இன்பராணி அதை இரண்டு தரம் படித்தாள். "நான் பார்த்தது இது இல்லையே சார்."

"எல்லாரும் போட்டுட்டாங்க. திருச்செல்வமே போட்டுட்டான்."

"அவன் போட்டிருப்பான். கழட்டுனது அவன் கை, பயந்துக்கிட்டுப் போட்டிருப்பான். நான் எதுக்குப் பயப்படணும்?"

அட்ரியன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு வேலை வேணாமா?"

வேலையிடத்தில் அவனை அவள் சார் என்றுதான் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே தமிழ்க் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள். அங்கே அவன் வேதம் வாசிப்பான், அங்கே அவன் அவளுக்குத் தம்பி. அன்றைக்கு ஆபீசிலேயே அந்த வார்த்தை வந்துவிட்டது.

"வேணும் தம்பி. அதனாலதான் நாளைக்கும் வருவேன். கையெழுத்து மட்டும் வராது."

மறுநாள் அவள் சோதனை மேசையில் வேறொருத்தி நின்றாள். இன்பராணிக்கு ஒரு விளக்குமாறும் மூக்குக் கவசமும் கொடுத்து, அறுக்கும் பகுதியில் மரத்தூள் கூட்டச் சொன்னார்கள். கழிப்பறைகளும் அவள் பொறுப்பு. ஒரு மாதத்தில் தானாகப் போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்கள். கையில் கட்டோடு இருக்கும்போதே லெட்சுமணனுக்கு வேலை நீக்கக் கடிதம் போனது. அவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். சாட்சி யார் என்று வக்கீல் கேட்டதற்கு அவருக்குச் சொல்ல ஒரு பெயர்தான் இருந்தது.

செய்தி கேள்விப்பட்டுப் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், யாரோடும் சண்டை பிடிக்காதவர். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "சிஸ்டர், நியாயத்தைக் கர்த்தர் கையில விட்டுடுங்க. அவருடைய வேளைக்குக் காத்திருங்க. சபைக்குள்ள பிளவு வந்துடக் கூடாது பாருங்க."

"காத்திருக்கேன் பாஸ்டர். காத்திருக்கிறதுன்னா வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுன்னு எந்தச் சங்கீதத்துல இருக்கு?"

உள்ளேயிருந்த மரியநாதன், "பாஸ்டருக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தவா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றினார். அவருக்குப் பயம்தான். ஆனால் தினமும் காலையில் பேருந்தை எடுக்கும் முன் மோட்டார் சைக்கிளில் அவளைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டுப் போவதை ஒரு நாளும் அவர் நிறுத்தவில்லை.

பகல் சாப்பாட்டு நேரத்தில் இன்பராணி மற்றவர்களோடு உட்காருவதில்லை. அவர்களாகவே விலகிப் போனார்கள், அவளும் கூப்பிடவில்லை. பின்பக்கம் அடுக்கிய பலகைகள்மேல் உட்கார்ந்து, வேதப் புத்தகத்தில் ஒரு ராசா பாடியதாகச் சொல்லும் சங்கீதங்களைப் படிப்பாள். முன்பெல்லாம் ஆறுதலுக்கென்று நாலைந்து சங்கீதங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவள் அவள். மேய்ச்சல், அமர்ந்த தண்ணீர், அந்த மாதிரி. இப்போது முதலிலிருந்து வரிசையாகப் படித்தபோது அவளுக்கே ஆச்சரியம். பாதிக்குப் பாதி சண்டை! எவ்வளவு நாள் தூங்குவீர், எழுந்திரும், ஏன் தூரத்தில் நிற்கிறீர் என்று கடவுளையே சட்டையைப் பிடித்து உலுக்காத குறை. காதைப் படைத்தவருக்குக் கேட்காதா, கண்ணைப் படைத்தவருக்குத் தெரியாதா என்று ஓரிடத்தில் வந்தது. அதைப் படித்த அன்று கழிப்பறையைக் கழுவுகிறபோது வாய்விட்டுச் சொன்னாள். "தெரியுதில்ல? அப்ப சீக்கிரம் வாங்க."

பொல்லாதவர்களைப் பார்த்து எரிச்சல் படாதே என்கிற சங்கீதம் மட்டும் அவளுக்கு இறங்கவே இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. இருக்கிற எரிச்சலை இல்லை என்று சொல்வதும் ஒரு பொய்க் கையெழுத்துதானே என்று அதைத் தாண்டிப் போனாள்.

2020 மார்ச் கடைசியில் வழக்கு விசாரணைக்கு வருவதாக இருந்தது. அதற்குள் பெருந்தொற்று நோய் வந்து நாட்டையே மூடினார்கள். தேதி தள்ளிப் போனது. அடுத்த தேதியும் தள்ளிப் போனது. மூன்றாவது தடவை தள்ளிப் போனபோது லெட்சுமணன் அவளுக்குப் போன் செய்தார். "விட்டுடலாமா தங்கச்சி? என்னால நீயும் கூட்டிக்கிட்டுக் கிடக்கிற."

"உங்களுக்காக மட்டும்னு நெனச்சீங்களா அண்ணே? நான் பார்த்ததை நான் பார்க்கலன்னு சொல்லச் சொல்றாங்க. அது என் கண்ணு."

ஆனால் போனை வைத்தபிறகு அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சங்கீதங்களில் ஒரு சாபச் சங்கீதம் உண்டு. சபையில் யாரும் அதை வாசிக்க மாட்டார்கள். பொய் பேசுகிறவனின் ஆயுசு குறையட்டும், அவன் வேலையை வேறொருவன் எடுத்துக்கொள்ளட்டும், அவன் பெண்டாட்டி விதவையாகட்டும் என்று போகும். இன்பராணி அதில் அட்ரியன் பெயரைச் சேர்த்து, தினமும் ஒரு தடவை, பலகைகள்மேல் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். ஏழு மாதம் சொன்னாள்.

2021 ஆகஸ்டில் அட்ரியனுக்கு அந்த நோய் கண்டது. மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள், பிழைப்பது கஷ்டம் என்று தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். "பார்த்தீங்களாக்கா? உங்களைப் படுத்துன பாடு சும்மா விடுமா?" என்றாள் சோதனை மேசையில் நின்ற ஷர்மினி.

இன்பராணிக்குத் தான் ஏழு மாதம் சொன்ன சாபம் ஞாபகம் வந்தது. அட்ரியனின் மனைவி அவளுக்குத் தெரிந்த பெண். சபையில் பக்கத்து வரிசையில் உட்காருகிறவள். அன்றைக்குப் பகலில் பலகைகள்மேல் உட்கார்ந்தாள், புத்தகத்தைத் திறக்கவில்லை. பயம் ஒரு நிமிஷம்தான். பிறகு கோபம் வந்தது, இந்தத் தடவை கடவுள்மேல்.

"இப்படி வேணாம்" என்றாள். "நான் சொன்னேன், ஆமா, சொன்னேன். கோபத்துல சொன்னதை எடுத்துக்கிட்டு நீங்க இப்படி முடிச்சிடலாம்னு பாக்குறீங்களா? இது நியாயம் இல்ல. அவன் செத்துட்டா லெட்சுமணன் அண்ணன் பேரு எப்பத் தெளியும்? அவன் பொழைக்கணும். எந்திரிச்சு வந்து என் எதிர்ல உட்காரணும், நான் பேசறதைக் கேட்கணும். அது வரைக்கும் அவனை நீங்க தொடக் கூடாது."

கட்டளை போடுகிற தொனியிலேதான் சொன்னாள். அதற்கப்புறம் அந்தச் சங்கீதத்தை அவள் யார் பெயரிலும் சொல்லவில்லை. அட்ரியன் பிழைக்கட்டும் என்று தினமும் கேட்டாள், அன்பால் அல்ல, பிடிவாதத்தால். அவன் வீட்டு வாசல் கேட்டில் மூன்று நாள் கஞ்சி கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்ததற்கும் என்ன காரணம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அட்ரியன் பிழைத்தான். இளைத்துக் கறுத்து வேலைக்குத் திரும்பினான். அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனான். அவள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அவனை நேராகப் பார்ப்பாள்.

கடைசியில் 2023 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில் விசாரணை நடந்தது. இன்பராணி தமிழில் பேசினாள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மலாயில் சொன்னார். எதிரே அட்ரியன் உட்கார்ந்திருந்தான். யார் கழற்றச் சொன்னது, யார் கழற்றியது, லெட்சுமணன் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். உங்களைக் கூட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள், அந்தக் கோபத்தில் பேசுகிறீர்கள், அப்படித்தானே என்று கேட்டார்.

"கோபம் இருக்கு" என்றாள் இன்பராணி. "கோபம் இருந்தா கண்ணு தெரியாமப் போயிடுமா? மூடியைக் கழட்டுன அன்னிக்கு எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. அன்னிக்குப் பார்த்ததைத்தான் சொல்றேன்."

அவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் வேலையை விட்டுப் போகவில்லை என்று அவர் விடாமல் கேட்டார்.

"நான் ஏன் போகணும்? தப்புப் பண்ணுனவங்க போகட்டும்."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே மலாயில் சொன்னார்.

வெளியே நடைபாதையில் திருச்செல்வம் நின்றிருந்தான். தொழிற்சாலையை விட்டு முந்தின வருஷமே அவன் சிங்கப்பூர் வேலைக்குப் போயிருந்தான். லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

"அடுத்தது நான்தான் அக்கா. போன வாரமே லெட்சுமணன் அண்ணனோட வக்கீலுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மூடியைக் கழட்டுனது நான்னு சொல்லப் போறேன். பொய்க் கையெழுத்துப் போட்டதையும் சொல்லப் போறேன்."

பிறகு திருச்செல்வமே தொடர்ந்தான்.

"தெனமும் நீங்க கூட்டிக்கிட்டே என்னைத் தாண்டிப் போவீங்க. ஒரு வார்த்தை திட்டுனது இல்ல. அதைப் பார்க்க முடியாமத்தான் வேலையை விட்டேன். அங்க இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரல, அக்கா."

இன்பராணி அந்த நடைபாதைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். சொன்ன தேதியிலேயே 2020-இல் வழக்கு நடந்திருந்தால் திருச்செல்வம் பயந்துகொண்டு பொய்தான் சொல்லியிருப்பான். தள்ளிப் போன ஒவ்வொரு தேதிக்கும் அவள் கடவுளோடு சண்டை போட்டிருக்கிறாள். "சரி, பார்த்துட்டேன்" என்று வாய்க்குள் முனகினாள். திருச்செல்வம் "என்னக்கா?" என்றான். "உன்கிட்ட இல்ல. நீ உள்ள போ" என்றாள்.

ஐந்து மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. லெட்சுமணனை வேலையிலிருந்து நீக்கியது தவறு, மூடியைக் கழற்றியது அவர் அல்ல என்று அதில் எழுதியிருந்தது. அட்ரியன் ராஜினாமா செய்தான். புதிதாக வந்த மேனேஜர் மனோகரன் அவளைக் கூப்பிட்டு, பழைய வேலைக்கே திரும்பலாம் என்றார். அவள் உடனே போகவில்லை. அறுக்கும் பகுதியில் இருந்த ஆறு எந்திரங்களையும் அவரோடு நடந்து பார்த்தாள். ஐந்தில் மூடி இருந்தது. ஆறாவதில் மூடி மாட்டும்வரை விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

அந்த மாதம், கடவுள் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லும்படி பாஸ்டர் அவளைக் கேட்டுக்கொண்டார். லெட்சுமணன் இந்து, ஆனாலும் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அட்ரியனும் வந்திருந்தான், மனைவியோடு, கதவோரம்.

இன்பராணி எழுந்து முன்னால் போனாள்.

"கர்த்தர் ஏற்ற வேளையில செஞ்சாருன்னு சொல்லச் சொன்னாங்க. செஞ்சாரு. அவர் தள்ளிப் போட்டதுனாலதான் உண்மை வெளிய வந்துச்சு, அதை நான் கண்ணால பார்த்தேன். அதுக்கு நன்றி. ஆனா அந்த நாலு வருஷம் ஒரு மனுஷன் வெரல் இல்லாத கையோட, பொய்யன்ற பேரோட வீட்ல உட்கார்ந்திருந்தாரு. அது ஏன்னு நான் இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கர்த்தரும் கேட்கக் கூடாதுன்னு சொல்லல. சாட்சின்னா ரெண்டையும் சொல்லணும். சொல்லிட்டேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் எழுந்து, "ஆமென்" என்றார். கதவோரம் அட்ரியனின் மனைவி சத்தம் வராமல் அழுதாள்; அட்ரியன் தலை குனிந்தபடி இருந்தான், எழுந்து போகவில்லை.

வெளியே வந்ததும் லெட்சுமணன் இடது கையால் அவள் தோளைத் தொட்டார்.

"ஏன் தங்கச்சி, சாமியைப் போயி இப்படியா கேள்வி கேட்பாங்க? தப்பு இல்லையா?"

"புத்தகத்துலயே இருக்கு அண்ணே. சங்கீதம் பாடுன ராசாவே கேட்டிருக்காரு. நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டு, மரியநாதன் மோட்டார் சைக்கிளை எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று தேடிப் போனாள்.