விழாத சுவர்

மகனைச் சேர்க்கப் போன பள்ளியில் புதுப் பெயின்ட் வாசம் மூக்கில் ஏறியதுமே என் பழைய பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது.

ரெட்டியார்சத்திரம் பக்கம் சூறைக்காற்று அடித்த வருஷம், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் அடியோடு விழுந்தது. எங்கள் பள்ளிக்கோ ஓடு மட்டும்தான் பறந்தது. விழுந்த ஊருக்கு மாடிக் கட்டடம், நீல ஜன்னல், உள்ளங்காலைக் குளிரவைக்கும் வழவழத் தரை என்று வந்துகொண்டே இருக்க, எங்களுக்குத் தகரக் கூரை போட்டார்கள். மழை பெய்தால் டீச்சரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். வெயிலில் தகரம் டப் டப்பென்று சத்தமிட, பூந்தோட்டங்களைத் தாண்டித் தெரியும் அந்த நீலத்தைப் பார்த்தபடியே வாய்ப்பாடு சொன்னோம். சுவரும் விழுந்தால் எங்களுக்கும் புதுசு கிடைக்கும் என்று, மதியச் சாப்பாடு முடிந்ததும் வரிசையாக நின்று அதை உதைப்போம். உதிர்ந்த சுண்ணாம்பு பாவாடையில் ஒட்டுமே தவிர, சுவர் அசையாது.

ஒருநாள் அந்த வழியாக வந்த அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் கொத்தனார்.

"ஏத்தா, எம்புட்டு உதைச்சாலும் விழாது. ஒங்கப்பன் கட்டுன செவருல்ல!"

ஊரே மெச்சிய அந்தக் கைவேலையை நான் மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.