டிஸ்க்கில் இருப்பதுதான் ஆட்டம்

முன்னூற்றுப் பன்னிரண்டு. பெல்லரா ஊர் நூலகத்தில் இரவல் கொடுக்கும் வீடியோ கேம்கள் அத்தனை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மஞ்சள் அட்டை ஒட்டியிருக்கும். எழுதியவள் மர்லீன் ட்ரெலோர், வயது நாற்பத்தெட்டு, மாட்டு லாரி டிரைவர்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் குவீன்ஸ்லாந்துப் பட்டிகளில் மாடு ஏற்ற ஆறு மணி நேரம் காத்துக்கிடப்பது சாதாரணம். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள். மர்லீன் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் சின்ன டிவியை வைத்து விளையாடுவாள். அங்கே சிக்னல் கிடையாது. அதனால் அவளுக்கு ஒரே விதி. டிஸ்க்கில் இருப்பதுதான் ஆட்டம். பிறகு இணையத்தில் வரும் திருத்தம், அதாவது பேட்ச், கணக்கில் சேராது.

அட்டைகளில் தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டாள். மீன்பிடி ஆட்டத்துக்கு எழுதியது: "தூண்டில் போட்ட உடனே கடிக்கிறது. இதைச் செய்தவன் ஆற்றங்கரையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை." ஃபுட்டி என்கிற ரக்பி ஆட்டத்துக்கு: "போன வருடத்து ஆட்டம், இந்த வருடத்துச் சட்டை." பண்ணை ஆட்டத்துக்கு: "அறுபது மணி நேரம் மாடு மேய்த்தேன். ஒன்றுகூட லாரியில் ஏறமாட்டேன் என்று முரண்டு பிடிக்கவில்லை." ஒரு பழைய கார் பந்தயத்தைப் பாராட்டியிருந்தாள்: "தோற்றால் தப்பு உன்னுடையது. நேர்மையான ஆட்டம்."

பிறகு 'செம்புழுதி' வந்தது. பெல்லராவையே களமாக வைத்து, ஊர்மன்றம் கொடுத்த மானியத்தில் பிரிஸ்பேன்காரர்கள் செய்தது. மர்லீன் அதற்கு எழுதினாள்: "மூன்றாம் பகுதியில் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக் கதவு திறக்காது. ஆட்டம் அங்கேயே செத்துவிடும். பாதி ஆட்டம், முழு விலை."

ஆட்டம் கடைகளுக்கு முன்பே வந்துவிட்டது; ஊரில் வெளியீட்டு விழா சனிக்கிழமை. வியாழனன்று நூலகர் கிளெனிஸ் போன் செய்தாள்.

"மர்லீன், அந்த அட்டைய மட்டும் எடுத்துடு. இல்லேன்னா எல்லா அட்டையையும் எடுக்கச் சொல்றார் ஊர்மன்றத் தலைவர்."

"கதவு திறக்குதாடி?"

"எனக்கென்ன தெரியும்? நான் சீட்டுதான் ஆடுவேன்."

"திறந்தா எடுக்கிறேன்."

சனிக்கிழமை மன்ற அரங்கில் கூட்டம். தொத்திறைச்சி வாட்டும் புகை வாசல் வரை வந்தது. ஆட்டத்தைச் செய்த ஆஸ்டின் புரூக்னர், இருபத்தாறு வயது இளைஞன், அவளை மேடையோரம் மடக்கினான்.

"நீங்கதானே அட்டை எழுதினது? கதவ நாங்க சரி பண்ணி மூணு வாரம் ஆச்சுங்க. பேட்ச் இறக்கினீங்களா?"

"எங்க இறக்குறது தம்பி? பட்டியில மாட்டு வாலப் புடிச்சுக்கிட்டா?"

"அப்ப பேட்ச் இருக்குன்னாவது எழுதியிருக்கணும். எழுதாதது நியாயமில்ல."

அது சுருக்கென்று தைத்தது. பேட்ச் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டிருந்தாள். ஆனால் கோபம் தணியவில்லை.

"சரி. இங்கயே இறக்கு. எல்லாரும் பாக்கட்டும்."

ஆஸ்டின் சிரித்தபடியே மேடையில் இருந்த கேம் இயந்திரத்தை அரங்கத்து வைஃபையில் இணைத்தான். பெரிய திரையில் எழுத்து வந்தது: இன்னும் பத்தொன்பது மணி நேரம்.

"இவ்ளோ நேரமா?" அவன் குரல் இறங்கிவிட்டது.

"நெட்டுக்கு இது நல்ல நாளு," என்றான் பின்வரிசையில் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் ஒருவன். "மழையில வந்திருந்தா கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்."

அரங்கம் சிரித்தது. மர்லீன் சிரிக்கவில்லை. "உடைஞ்ச கதவ டிஸ்க்ல போட்டு வித்துட்டு, சாவி இணையத்துல இருக்குன்னா எப்படி? இந்த ஊருக்குள்ள வந்து படம் புடிச்ச. ஒரு நாள் ராத்திரி தங்கி ஒரு பேட்ச இறக்கிப் பாத்தியா?"

ஆஸ்டின் இணைப்பைத் துண்டித்துத் திரையை அணைத்தான்.

விழா முடிந்ததும் மர்லீன் நூலகத்துக்குப் போய் அட்டையில் ஒரு வரி சேர்த்தாள்: "திருத்தம் இருக்கிறது. இறக்கப் பத்தொன்பது மணி நேரம்." பெட்டியை அலமாரியில் திரும்ப வைத்தாள். கிளெனிஸ் படித்துப் பார்த்தாள்.

"இது முன்னதவிட மோசமா இருக்குடி."

"முன்னதவிட உண்மையா இருக்கு."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஊர்மன்றத் தலைவரின் எழுத்துமூல உத்தரவின்படி, பெட்டிகளில் இருந்த மஞ்சள் அட்டைகள் எல்லாம் கழற்றப்பட்டன.