சாது, அரோகரா

இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பக்கத்துப் பௌத்த விகாரையின் ஒலிபெருக்கியில் வணங்குகிறவர்களின் குரல் "சாது, சாது" என்று கேட்டது. உடனே எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நினைவுக்கு வந்தது.

கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண் சோமா அக்கா வருசம் தவறாமல் பூத்தட்டோடு வருவார். ஒருமுறை கற்பூரம் காட்டியதும் நாங்கள் "அரோகரா" என்றோம். அவரோ விகாரையில் சொல்லும் பழக்கத்தில் உரக்க "சாது, சாது" என்றுவிட்டார். பிள்ளைகள் சிரித்தோம். கூசிப்போய்ப் பின்னால் நகர்ந்தவரின் கையை அம்மா பிடித்துக்கொண்டார்.

"எங்க போறீங்க அக்கா? இங்கயே நில்லுங்க. அம்மனுக்கு எல்லாம் வெளங்கும்."

சொல்லிவிட்டு அம்மாவும் கைகூப்பி "சாது, சாது" என்றார். அடுத்து பூசாரி சொன்னார். பிறகு கோயிலே சொன்னது.

ஒலிபெருக்கி மறுபடி "சாது" என்றது. என் வாய் தானாக "அரோகரா" என்றது. பெஞ்சில் இருந்த சிங்களப் பெண்மணி சிரித்துக்கொண்டே பையை மடிக்கு எடுத்து எனக்கு இடம் விட்டார்.